முன் அனுமதி: ஒரு மணி நேரமும் மூன்று மணி நேரமும்

பாடப்பகுதி: லூக்கா 10-ஆம் அதிகாரம், நல்ல சமாரியன் உவமை



இந்த இதழின் பாடத்துக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதியது. மருத்துவக் காப்பீட்டில் "முன் அனுமதி" என்று ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் அதை "ப்ரீ-ஆத்" என்றும், நோயாளியின் வீட்டார் "அப்ரூவல்" என்றும் சொல்லுகிறார்கள். "அப்ரூவல் வந்துடுச்சா?" என்ற கேள்வி எங்கள் வராந்தாக்களில் ஜெபத்தைப் போலவே அடிக்கடி கேட்கிறது. உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இந்த அப்ரூவலுக்காகக் காத்திருப்போர் படும் நெருக்கடியைத் தீர்க்கச் செலவாகிறபடியால், இதன் நடைமுறையை நீங்கள் அறிந்திருப்பது அவசியம் என்று எண்ணுகிறோம்.

1. முன் அனுமதி என்பது என்ன?

பாலிசி உள்ள ஒருவர் ஆஸ்பத்திரியில் சேருகிறார். கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் வசதிக்குக் கேஷ்லெஸ் என்று பெயர். அதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி முன்னதாகச் சம்மதம் தர வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு பகுதியை நோயாளியின் வீட்டாரும் மறு பகுதியை டாக்டரும் நிரப்புகிறார்கள். என்ன நோய், எத்தனை நாளாக இருக்கிறது, என்ன சிகிச்சை, எத்தனை நாள் தங்க வேண்டும், உத்தேசமாக எவ்வளவு செலவு என்பவற்றை அதில் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜை அதைக் கம்பெனிக்கோ, கம்பெனியின் சார்பில் வேலை செய்யும் டி.பி.ஏ. என்னும் இடைநிலை நிறுவனத்துக்கோ அனுப்பும். முதலில் ஒரு தொகைக்கு அனுமதி வரும். செலவு கூடினால் மறுபடியும் கேட்க வேண்டும். வீட்டுக்குப் போகும் நாளில் முழு பில்லையும் அனுப்பி இறுதி அனுமதி பெற வேண்டும். ஆக, ஒரே நோயாளிக்காக இரண்டு மூன்று முறை வாசலில் நின்று தட்ட வேண்டியிருக்கிறது.

2. இது எப்படி வந்தது?

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டு பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனிகள் மெடிக்ளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்தன. அன்று நோயாளி முதலில் தானே பணத்தைக் கட்டிவிட்டு, ரசீதுகளைக் கொடுத்துப் பின்னால் திரும்பப் பெற வேண்டும். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் ஏற்பட்டது. 2001-இல் டி.பி.ஏ. நிறுவனங்களுக்கு விதிகள் வந்தன. அதன் பிறகே கேஷ்லெஸ் முறை பரவியது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் ஏழைக் குடும்பங்களுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கின. இவற்றிலும் பெரிய சிகிச்சைகளுக்கு முன் அனுமதி உண்டு.

நாம் வாழும் இந்தத் தண்டலம் வட்டாரத்தில் இது பெரிய விஷயம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்துவிட்டன. ஒரே ஷிப்டில் ஒரே பஸ்ஸில் இறங்குகிறவர்களிடம் வெவ்வேறு அட்டைகள் இருக்கின்றன. நிரந்தர ஊழியரிடம் கம்பெனியின் குரூப் பாலிசி இருக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் வருவார். அவர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியின் பரிந்துரைக் கடிதத்தோடுதான் வேறு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அதுவும் ஒரு வகை முன் அனுமதியே. ஊரில் தங்கிவிட்ட பெற்றோரிடம் முதலமைச்சர் திட்ட அட்டை இருக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒப்பந்த வேலை பார்க்கும் பிள்ளைகளில் சிலரிடம் எந்த அட்டையும் இராது. காய்ச்சல் எல்லாருக்கும் ஒன்றுதான். அட்டைக்கு அட்டை வாசல்தான் வேறு.

3. இது ஏன் வேண்டும்?

முன் அனுமதியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பிரீமியமாகச் சேரும் பணம் பலருடைய பணம். அதற்கு ஒரு காவல் வேண்டும். காவல் தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே வருந்தத்தக்க உதாரணம் இருக்கிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை செய்து, அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சில ஆஸ்பத்திரிகள் பணம் பெற்றன என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஏப்ரலில் நீதிமன்றம், இவ்விதச் சிகிச்சைகளைக் கண்காணிக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பெண்களில் எத்தனை பேர் இள வயதினர் என்பதை நினைத்தால், "இந்த ஆபரேஷன் வேண்டியதுதானா?" என்று கேட்க வெளியாள் ஒருவர் இருப்பது நல்லதே என்று தோன்றும்.

ஆகவே கேள்வி கேட்பது பாவமல்ல. எப்போது கேட்கிறார்கள், எத்தனை முறை கேட்கிறார்கள், பதில் வரும்வரை நோயாளி எங்கே இருக்கிறார் என்பவற்றையே நாம் பார்க்க வேண்டும்.

4. எங்கே வலிக்கிறது?

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை ரவுண்ட்ஸில் டாக்டர், "இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். நோயாளி முகம் கழுவி, தலை சீவி, வீட்டு உடுப்பை உடுத்திக்கொண்டு கட்டிலில் உட்காருகிறார். பில் தயாராகிறது, கம்பெனிக்குப் போகிறது. மத்தியானம் ஒரு கேள்வி வருகிறது: பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எங்கே? அனுப்புகிறோம். மூன்று மணிக்கு அடுத்த கேள்வி: சர்க்கரை வியாதி எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது? அதுவும் போகிறது. விளக்கேற்றும் நேரமாகியும் பதில் இல்லை. வெளியே ஆட்டோக்காரர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதே வேளையில் கீழே அவசரப் பிரிவில் ஒருவர் ஸ்டிரெச்சரில் படுத்திருக்கிறார். மேலே ஒரு கட்டில் காலியானால் அவரை வார்டுக்கு ஏற்றலாம். குணமானவர் போக முடியவில்லை. நோயுற்றவர் வர முடியவில்லை.

இதைவிடக் கடினமானது மரணம் நேர்ந்த வீட்டின் காத்திருப்பு. ஆஸ்பத்திரி ஆயர்களாகிய எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஜெபம் செய்து முடித்தாயிற்று. சொந்த ஊருக்குச் செய்தி போய்விட்டது. குழி வெட்டவும் சொல்லிவிட்டார்கள். பிணவறை வாசலில் மூத்த மகன் கையில் பைலோடு நிற்கிறான். "இன்னும் இறுதி அனுமதி வரவில்லை" என்று அவனிடம் சொல்வதற்கு எந்த மொழியிலும் நல்ல வார்த்தை இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் அப்பால் ஊர் உள்ள தொழிலாளி என்றால் ஒவ்வொரு மணி நேரமும் இன்னும் பாரமாகிறது.

அனுமதி ஒரு பகுதிக்கு மட்டும் வரும்போதும் துயரமே. பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு இருந்து, அதற்கு மேற்பட்ட அறையில் தங்கினால், பல பாலிசிகளில் வாடகை வித்தியாசத்தை மட்டுமல்ல, மற்றச் சில செலவுகளையும் அதே விகிதத்தில் கழிக்கிறார்கள். மீதிக்கு வீட்டார் கழுத்துச் சங்கிலியை அடகுக் கடைக்குக் கொண்டு போகிறார்கள். அதுவும் இல்லாதவர்கள் எங்களிடம் வருகிறார்கள். நீங்கள் அனுப்பும் ஏழை நோயாளர் நிதி அங்கேதான் கரைகிறது. அட்டையே இல்லாதவருக்காக நீங்கள் கொடுத்த பணம், அட்டை உள்ளவருக்குக் கம்பெனி தர வேண்டியதை ஈடுகட்டப் போகுமானால் அது நியாயமல்ல.

5. 2024-ஆம் ஆண்டின் விதிகள்

2024 மே 29-ஆம் தேதி காப்பீட்டு ஆணையம் மருத்துவக் காப்பீட்டுக்கென்று ஒரு தலைமைச் சுற்றறிக்கையை வெளியிட்டது. அதன் முக்கியக் கட்டளைகள் இவை:

அ) கேஷ்லெஸ் விண்ணப்பம் கிடைத்ததும் உடனே, அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள், கம்பெனி முடிவு சொல்ல வேண்டும்.

ஆ) டிஸ்சார்ஜ் விண்ணப்பம் கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். மூன்று மணிக்கு மேல் தாமதமாகி அதனால் ஆஸ்பத்திரி கூடுதல் பணம் கேட்டால், அதைக் கம்பெனி தன் பங்குதாரர் நிதியிலிருந்து கட்ட வேண்டும்.

இ) சிகிச்சையின்போது நோயாளி மரித்தால், கம்பெனி க்ளெய்மை உடனே முடித்து, உடலை ஆஸ்பத்திரியிலிருந்து தாமதமின்றி விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஈ) எந்த க்ளெய்மையும் ஒரு அதிகாரி தனியாக நிராகரிக்கக் கூடாது, கம்பெனியின் பரிசீலனைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். நிராகரித்தால் பாலிசியின் எந்த நிபந்தனையின்படி என்று காட்ட வேண்டும்.

உ) க்ளெய்முக்கு வேண்டிய காகிதங்களைக் கம்பெனியோ டி.பி.ஏ.யோ ஆஸ்பத்திரியிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும். நோயாளியை அலையவிடக் கூடாது.

இதற்கு முன் அதே ஆண்டு ஜனவரியில் பொதுக் காப்பீட்டு மன்றம், கம்பெனியோடு ஒப்பந்தம் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் பெறலாம் என்ற ஏற்பாட்டை அறிவித்தது. திட்டமிட்ட சிகிச்சையானால் 48 மணி நேரத்துக்கு முன்பும், அவசரமானால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

இவை நல்ல கட்டளைகள். மூன்றாவது கட்டளையை எழுதியவர் ஒரு முறையாவது பிணவறை வாசலில் நின்றிருப்பார் போலும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

6. சத்திரக்காரனின் இடத்தில் நாம்

நல்ல சமாரியன் உவமையில் நாம் எப்போதும் சமாரியனைப் பார்க்கிறோம். ஆசாரியனையும் லேவியனையும் குறை சொல்கிறோம். சத்திரக்காரனைப் பற்றிப் பிரசங்கம் கேட்டவர்கள் குறைவு. காயப்பட்டவனைச் சமாரியன் அவனிடம் ஒப்படைக்கிறான். கையில் இரண்டு பணம் கொடுக்கிறான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்குச் சொல்கிறான். இன்றைய மொழியில் சொன்னால் இரண்டு பணம் முன்தொகை, மீதிக்கு உத்தரவாதம். நாம் பேசும் அனுமதிக் கடிதம் என்பதும் அப்படிப்பட்ட ஒரு வாக்குத்தானே!

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, சமாரியன் முதலில் காயத்தைக் கட்டினான். பணப் பேச்சு மறுநாள் வந்தது. இரண்டாவது, வாக்குக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. ஆனாலும் திரும்பி வந்து கணக்குப் பார்ப்பேன் என்றான். நம்பிக்கையும் கணக்கும் ஒன்றையொன்று தள்ளிவிடவில்லை. மூன்றாவது, சத்திரக்காரன் அந்த வார்த்தையை நம்பிப் பராமரித்தான் என்றால், அவனுக்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது. வாக்குக் கொடுக்கிறவர் வாக்குத் தவறாதவராக இருந்தால் மட்டுமே சத்திரத்தின் கதவு திறந்திருக்கும். சிறிய ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் காலத்தில் வராமல் போனால் கேஷ்லெஸ் வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவார்கள்; இழப்பு நோயாளிக்கே.

முதலில் காயம், பிறகு கணக்கு என்ற ஒழுங்கை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றிருக்கிறது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உயிரைக் காப்பது ஒவ்வொரு டாக்டரின் கடமை என்றும், வேறு எந்தச் சடங்குக்காகவும் அதைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரம் அரசு செலவில் சிகிச்சை பெறலாம். 2025 மே மாதம் மத்திய அரசும் சாலை விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாட்கள் வரை, 1,50,000 ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை என்று அறிவித்தது. பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் வாழும் நமக்கு இவற்றின் அருமை தெரியும்.

7. இன்னும் வேண்டிய சீர்திருத்தங்கள்

விதி எழுதப்பட்டது போதுமா? போதாது என்றே நினைக்கிறோம்.

முதலாவது, கேள்விகளை ஒரே முறையில் கேட்க வேண்டும். மணிக்கொரு கேள்வியாக வந்தால் மூன்று மணி நேரம் என்பது முடிவில்லாத மூன்று மணி நேரமாகிவிடும். காகிதம் குறைவாக அனுப்பும் ஆஸ்பத்திரிகளும் இதே கணக்கில் பொறுப்பாளிகளே. டாக்டர் அவசரத்தில் கிறுக்கும் ஒரு வரி, நோய் புதியதா பழையதா என்ற தகராறுக்கு வித்தாகிவிடுகிறது.

இரண்டாவது, தாமதத்துக்கான ஈடு. ஆஸ்பத்திரி கூடுதல் வாடகை கேட்டால்தான் கம்பெனிக்குச் செலவு. காத்திருந்த அரை நாளுக்கு ஏழையிடம் வாடகை வாங்காத தர்ம ஆஸ்பத்திரியில் கம்பெனிக்கு எந்த நஷ்டமும் இல்லை. வாங்காத வாடகைக்கு யார் ஈடு கட்டுவார்கள்? நோயாளியின் இரக்கத்துக்காக விட்டுக்கொடுத்தது தாமதித்தவருக்குச் சலுகையாகிறது. தாமதத்துக்கு வாடகையைச் சாராத ஒரு தொகையை நிர்ணயித்து, அதை நோயாளிக்கே கொடுக்கச் செய்வது நலம்.

மூன்றாவது, நல்ல பெயர் எடுத்தவர்களுக்குச் சுமையைக் குறைப்பது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் 2021-இல் இப்படி ஒரு சட்டம் செய்தது. ஒரு டாக்டர் ஒரு வகைச் சிகிச்சைக்குக் கேட்ட அனுமதிகளில் நூற்றுக்குத் தொண்ணூறாவது ஏற்கப்பட்டிருந்தால், அந்தச் சிகிச்சைக்கு அவர் மறுபடி மறுபடி அனுமதி கேட்க வேண்டியதில்லை. அங்கே மத்திய அரசும் 2024 ஜனவரியில் விதி வகுத்தது. அதன்படி 2026 முதல், அரசு சார்ந்த காப்பீட்டுத் திட்டங்கள் அவசர விண்ணப்பத்துக்கு 72 மணி நேரத்திலும் சாதாரண விண்ணப்பத்துக்கு ஏழு நாளிலும் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். எத்தனை ஏற்றோம், எத்தனை மறுத்தோம் என்று ஊரறியக் கணக்குக் காட்டவும் வேண்டும். நம்முடைய ஒரு மணி நேரத்தைப் பார்க்க அது நீண்ட காலமே. ஆனால் கணக்கை வெளியிடும் ஒழுங்கு நாம் கற்றுக்கொள்ளத்தக்கது. கம்பெனிவாரியாக, எத்தனை விண்ணப்பங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் வந்தது என்பதை மக்கள் அறிந்தால், பாலிசி வாங்குகிறவர் பிரீமியத்தை மட்டும் பார்த்து வாங்க மாட்டார்.

8. வாசகர் செய்ய வேண்டியவை

1) பாலிசியை நலமாயிருக்கும்போதே வாசியுங்கள். அறை வாடகை வரம்பு, காத்திருப்புக் காலம் இரண்டையும் கோடிட்டு வையுங்கள்.

2) பாலிசி வாங்கும்போது இருக்கும் நோயை மறைக்காதீர்கள். ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் பாலிசி நடந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் அன்றி, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்று 2024-இல் விதி மாறியிருக்கிறது. ஆனாலும் உண்மையே பாதுகாப்பு.

3) திட்டமிட்ட ஆபரேஷனானால் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே விண்ணப்பம் அனுப்பச் சொல்லுங்கள். பழைய சீட்டுகள், ரிப்போர்ட்டுகள், அடையாள அட்டை யாவையும் ஒரே பையில் வையுங்கள்.

4) கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் க்ளெய்மே மறுக்கப்பட்டது என்று நினைத்துச் சோர்ந்து போகாதீர்கள். பணம் கட்டிவிட்டு, ரசீதுகளோடு திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

5) கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம். சென்னையில் அதற்கு அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை அவர் விசாரிப்பார். அவருடைய தீர்ப்பைக் கம்பெனி 30 நாட்களில் நிறைவேற்றாவிட்டால், ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் பாலிசிதாரருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2024 சுற்றறிக்கை சொல்கிறது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வேலை செய்யும் எளியவர்களிடம் என்ன அட்டை இருக்கிறது என்று இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். வருமானச் சான்று வாங்கித் தந்து முதலமைச்சர் திட்டத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்த்துவிடுவதும், ஏழை நோயாளர் நிதிக்குக் காணிக்கை அனுப்புவதைப் போன்ற தர்மமே. அந்தக் குடும்பத்துக்குப் பல ஆண்டுகளுக்கு ஒரு வாசல் திறந்துவிட்டீர்கள்.

குழுவாகச் சிந்திக்க

1. பொதுப் பணத்தைக் காப்பதும் நோயாளியைக் காப்பதும் மோதும்போது, எதை முதலில் வைக்க வேண்டும்? ஏன்?

2. சத்திரக்காரன் தன் செலவைக் கூட்டிச் சொல்லியிருந்தால் உவமை எப்படி முடிந்திருக்கும்? ஆஸ்பத்திரிகள் இதிலிருந்து கற்க வேண்டியது என்ன?

3. மூன்று மணி நேரத் தாமதம் ஒரு கூலித் தொழிலாளிக்கு என்னென்ன இழப்பைத் தரும்? பட்டியலிடுங்கள்.

4. உங்கள் சபையில் பாலிசி வாசிக்கத் தெரிந்த ஒருவர், வாசிக்கத் தெரியாத பத்துப் பேருக்கு மாதம் ஒரு நாள் உதவ முடியுமா?


ஆஸ்பத்திரி ஆயர்
தண்டலம்